குழாயில் உறைந்த ரத்தமும் நாளத்தில் உறைந்த ரத்தமும்

குருதியின் வரலாறு – 9

சென்ற இதழில் வில்லியம் ஹார்வியைப் பார்த்தோம். இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தம் உடலைச் சுற்றி மறுபடி இதயத்துக்கே வந்து சேர்கிறது என்று 1628இல் அவர் நிறுவியதும், மருத்துவத்தின் பழைய கேள்விகள் பல ஒவ்வொன்றாகக் காலாவதி ஆயின. ஆனால் அதே கண்டுபிடிப்பு புதிய கேள்வி ஒன்றையும் எழுப்பியது. ஓயாமல் ஓட வேண்டிய ரத்தம் உடலுக்குள் உறையக் கூடாது. நாளம் கிழிந்த இடத்திலோ சில நிமிடங்களில் உறைந்தே தீர வேண்டும். இரண்டில் எது தவறினாலும் உயிருக்கு ஆபத்து. ஒரே திரவம் இந்த இரண்டு கட்டளைகளுக்கும் எப்படிக் கீழ்ப்படிகிறது?

விடை தேடிய முந்நூற்றைம்பது ஆண்டுகளில் இரண்டு களங்கள் மாறி மாறி முன்னுக்கு வந்தன. ஒன்று கண்ணாடிக் குழாய். மற்றது உயிருள்ள ரத்த நாளம். உறைதலில் பங்கேற்கும் பொருள்களைக் குழாய் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது. அவை எங்கே, எந்த வரிசையில், எதுவரை வேலை செய்கின்றன என்பதை நாளம் காட்டியது. குழாய் சொன்னதை மட்டும் நம்பியபோது விளங்காமல் நின்ற புதிர்கள், நாளத்துக்குத் திரும்பியபோதுதான் அவிழ்ந்தன. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதைத்தான்.

பொலோஞாவில் அலசிய கட்டி

ரத்தத்தில் நார்கள் உண்டு என்பதும், அவற்றை எடுத்துவிட்டால் ரத்தம் உறையாது என்பதும் அரிஸ்டாட்டிலுக்கே தெரியும். ஆனாலும் நெடுங்காலம் மருத்துவர்கள் வேறு விதமாகவே விளக்கம் சொன்னார்கள். உடலைவிட்டு வெளியே வந்த ரத்தம் குளிர்கிறது, ஓட்டம் நின்றுபோகிறது, உயிர்ச்சூடு போய்விடுகிறது, அதனால் உறைகிறது என்பது அவர்களின் கருத்து. உறைதல் என்பது ரத்தத்தின் சாவு, ஒரு வகைச் சிதைவு என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

இத்தாலியின் பொலோஞா நகரைச் சேர்ந்த மர்செல்லோ மல்பீகி இதை வேறு கண்ணோடு பார்த்தார். இறந்தவர்களின் இதயத்தைத் திறந்தால் சில சமயம் வெளிறிய கட்டிகள் கிடைக்கும். அவற்றைத் தனி வளர்ச்சிகள் என்றே பலர் எண்ணியிருந்தனர். 1666இல் மல்பீகி வெளியிட்ட சிறு நூல் இந்தக் கட்டிகளைப் பற்றியது. உறைந்த ரத்தத்தை எடுத்து மறுபடி மறுபடி தண்ணீரில் அலசினார். சிவப்பு கரைந்து போனது. வெள்ளை நார்களின் பின்னல் மிஞ்சியது. நுண்ணோக்கியில் அந்தப் பின்னலின் கண்ணறைகள் தெரிந்தன. செந்நிறத் துகள்கள் அவற்றுக்குள்தான் அடைபட்டுக் கிடந்தன.

இது எளிய சோதனை; விளைவு பெரிது. ரத்தக்கட்டி என்பது கெட்டுப்போன கூழ் அல்ல, அதற்குள் ஒரு கட்டமைப்பு இருக்கிறது என்று கண்ணால் கண்டு எழுதப்பட்டது அந்த நூலில்தான். அந்த நார்தான் இன்று நாம் ஃபைப்ரின் என்று சொல்வது.

ஹ்யூசனின் கிண்ணமும் கட்டிய சிரையும்

அடுத்த நூற்றாண்டில் கதை லண்டனுக்குப் போகிறது. எந்த நோய்க்கும் ரத்தம் வடித்துவிடுவது வழக்கமாக இருந்த காலம். வடித்த ரத்தம் கிண்ணத்தில் உறையும்போது சில நோயாளிகளுக்கு மேலே வெளிறிய ஏடு படியும். அதை நோயின் அடையாளம் என்று மருத்துவர்கள் குறித்துக்கொள்வார்கள். வில்லியம் ஹ்யூசன் என்ற இளைஞர் அந்த ஏடு எங்கிருந்து வருகிறது என்று தேடினார். உறைவதற்கு நேரம் எடுத்துக்கொண்டால் கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடுகின்றன. மேலே நிற்கும் தெளிந்த திரவம் தனியே உறைந்து ஏடாகிறது. உப்பு சேர்த்து ரத்தத்தை உறையாமல் நிறுத்தி, சிவப்பணுக்களை அடியில் படியவிட்டு, மேல்திரவத்தை மட்டும் எடுத்துத் தண்ணீர் விட்டார். அதுவும் உறைந்தது. சிவப்பணுக்கள் இல்லாமலேயே உறைதல் நடக்கும், அதன் மூலப்பொருள் தெளிந்த திரவத்தில் கரைந்திருக்கிறது என்று 1771இல் அவர் வெளியிட்ட நூல் நிறுவியது.

குளிர்ச்சிக் கொள்கையையும் அவர் சும்மா விடவில்லை. ரத்தத்தை உறைபனி நிலைக்குக் கொண்டுபோய், பிறகு இளக்கினார். இளகியதும் அது திரவமாகவே இருந்தது. அதன் பிறகே வழக்கம்போல் உறைந்தது. ஆகவே குளிர் காரணமில்லை. இன்னொரு சோதனையில் நாயின் கழுத்துச் சிரையை இரண்டு இடங்களில் இறுகக் கட்டி, நடுவில் ரத்தத்தைச் சிறைப்படுத்தினார். ஓட்டம் அறவே இல்லை. மணிக்கணக்கில் காத்திருந்து திறந்தபோதும் அதில் பெரும்பகுதி திரவமாகவே இருந்தது. அப்படியானால் ஓட்டம் நிற்பதும் தனியே போதுமான காரணமில்லை.

1774இல், பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது பட்ட காயத்தில் நஞ்சேறி, 34 வயதில் ஹ்யூசன் இறந்துபோனார். கட்டிய சிரையில் ரத்தம் ஏன் உறையவில்லை என்ற கேள்வி அடுத்தவர்களுக்கு விடப்பட்டது.

1857இல் எர்ன்ஸ்ட் ப்ரூக்கே ஆமையின் இதயத்தை வெளியே எடுத்து, அதற்குள் இருந்த ரத்தம் நாள்கணக்கில் உறையாமல் இருப்பதைக் காட்டினார். உயிருள்ள சுவர் உறைதலைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் முடிவு. 1863இல் லண்டன் ராயல் சொசைட்டியில் சொற்பொழிவாற்றிய ஜோசப் லிஸ்டர், பின்னாளில் கிருமிநீக்க அறுவை சிகிச்சையால் உலகப்புகழ் பெற்றவர், இன்னும் ஒருபடி போனார். விலங்கின் சிரைத்துண்டுகளை நிமிர்த்திக் கோப்பையாகப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரத்தத்தை ஊற்றினார். காற்று பட்டும் அது உறையவில்லை. அந்நியப் பொருள் எது பட்டாலும் உறைகிற ரத்தம், நாளச்சுவர் பட்டால் மட்டும் உறைவதில்லை என்றார். சுவர் உறைதலைத் தடுக்கிறதா, தூண்டாமல் மட்டும் இருக்கிறதா? இதற்குப் பதில் வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

குழாயின் காலம்

அதற்குள் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் வேதியியலின் கைக்கு வந்துவிட்டன. இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று வழங்கும் டோர்பாட் நகரப் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஷ்மிட் தம் வாழ்நாளை உறைதலுக்கே கொடுத்தார். உறைந்தபின் எஞ்சும் சீரத்தில் ஒரு நொதி இருக்கிறது, அதுதான் கரைந்திருக்கும் புரதத்தை நாராக மாற்றுகிறது என்று கண்டறிந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் த்ராம்பின். ஓடும் ரத்தத்தில் அது செயலற்ற முன்வடிவமாக இருந்தாக வேண்டும் என்றும் ஊகித்தார். ஸ்வீடனின் உப்சாலாவில் ஓலோஃப் ஹம்மர்ஸ்டென் 1870களில் மூலப்புரதமான ஃபைப்ரினோஜெனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 1890இல் ஆர்தஸ், பாஷெஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கால்சியத்தை நீக்கிவிட்டால் ரத்தம் உறையாது என்று காட்டினார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் ரத்த தானத்துக்கும் இன்று பயன்படுத்தும் சிட்ரேட், அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள்தான்.

1905இல் ஜெர்மானிய மருத்துவர் பவுல் மொராவிட்ஸ் இவற்றையெல்லாம் தொகுத்தார். காயம்பட்ட திசுவிலிருந்து வரும் தூண்டுபொருள், கால்சியத்தின் துணையோடு புரோத்ராம்பினை த்ராம்பினாக்குகிறது; த்ராம்பின் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரினாக்குகிறது. நான்கே பொருள்கள், இரண்டே படிகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கோட்பாடே பாடநூல்களில் கோலோச்சியது.

டூரினில் நாளத்தைப் பார்த்தவர்

குழாயின் புகழ் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், இத்தாலியின் டூரினில் ஒருவர் உயிருள்ள நாளத்தின் மேல் நுண்ணோக்கியை வைத்தார். அவர் ஜூலியோ பிட்ஸோஸெரோ. 1846இல் பிறந்தவர், இருபதுகளிலேயே பேராசிரியர் ஆனவர்.

சிவப்பணு, வெள்ளையணு இரண்டுக்கும் அப்பால் ரத்தத்தில் மிகச் சிறிய துணுக்குகள் இருப்பதைச் சிலர் முன்பே பார்த்திருந்தார்கள். ஜெர்மனியில் மாக்ஸ் ஷுல்ட்ஸே 1865இல் அவற்றை விவரித்தார். கனடாவிலிருந்து வந்த இளம் வில்லியம் ஆஸ்லர் 1870களில் அவற்றைப் பற்றி எழுதினார். பாரிஸில் ஜார்ஜ் ஹயெம் அவற்றைச் சிவப்பணுக்களின் குழந்தைப் பருவம் என்று கருதினார். உடைந்த வெள்ளையணுக்களின் சிதறல் என்று சொன்னவர்களும் உண்டு. உடலுக்கு வெளியே எடுத்த மாத்திரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்துவிடும் என்பதால் இந்தக் குழப்பம் தீரவே இல்லை.

பிட்ஸோஸெரோ அவற்றை அவற்றின் இடத்திலேயே பார்த்தார். மயக்கமூட்டிய கினிப்பன்றி, முயல் இவற்றின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை விரித்து, அதில் ஓடும் சிறு நாளங்களை நுண்ணோக்கிக்கு அடியில் கொண்டுவந்தார். ஓடும் ரத்தத்திலேயே அந்த வட்டத் தட்டுகள் தனித்தனியாக மிதந்து செல்வது தெரிந்தது. அவை உடைந்த வெள்ளையணுக்களின் சிதறல் அல்ல, ரத்தத்தின் மூன்றாவது உறுப்பு என்பது உறுதியாயிற்று. அவைதான் தட்டணுக்கள். டெங்கு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகள்தோறும் எண்ணிக்கை விசாரிக்கப்படும் அதே தட்டணுக்கள்.

பிறகு நாளச்சுவரைக் காயப்படுத்திப் பார்த்தார். காயத்தில் முதலில் ஒட்டியவை தட்டணுக்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து அவை ஒரு வெள்ளை அடைப்பை எழுப்பின. வெள்ளையணுக்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. அடைப்பு வெள்ளையணுக்களால் ஆனது என்று தவளையில் பார்த்துச் சொல்லியிருந்தார் ஸான் என்ற ஆய்வாளர்; பிட்ஸோஸெரோவின் சோதனை அதைத் திருத்தியது. ஓடும் ரத்தத்துக்குள் நூலைச் செலுத்தினார். நூலிலும் முதலில் படிந்தவை தட்டணுக்களே. 1882இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்ஹோவின் புகழ்பெற்ற ஆய்விதழில் நீண்ட கட்டுரையாக இதை வெளியிட்டார்.

ரத்தக்கட்டிக்கு ஒரு கட்டமைப்பு உண்டு என்று மல்பீகி காட்டினார். அது ஒரு வரிசைப்படி எழும்புகிறது என்று பிட்ஸோஸெரோ காட்டினார். ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதம் நாராவது ஒரு செயல். அணுக்கள் காயத்தில் சென்று ஒட்டுவது வேறொரு செயல். இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் காயம் அடைபடுகிறது. அந்தத் தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து பிரிந்து வருகின்றன என்பதை 1906இல் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் ஹோமர் ரைட் கண்டுபிடித்தார். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டு ஆய்வின் கவனம் பெரும்பாலும் குழாயின் மேலேயே இருந்தது.

நோயாளிகள் தந்த எண்கள்

மொராவிட்ஸின் நான்கு பொருள்களுக்குள் அடங்காத நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த ஓஸ்லோவில் பவுல் ஓவ்ரென் ஒரு பெண்ணின் ரத்தத்தைச் சோதித்து, தெரிந்த நான்கும் சரியாக இருந்தும் உறைதல் தாமதமாவதைக் கண்டார். அது ஐந்தாவது பொருள் என்பதால் ஐந்தாம் காரணி என்றார். 1952இல் ஆக்ஸ்போர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் உடன் ஆய்வாளர்களும், பிறவியிலேயே ரத்தம் எளிதில் நிற்காத ஹீமோஃபீலியா ஒரே நோயல்ல என்று காட்டினார்கள். அவர்கள் சோதித்த ஒரு சிறுவனுக்கு, அந்நோயில் வழக்கமாகக் குறையும் எட்டாம் காரணியில் குறையில்லை, குறைந்தது வேறொன்று. அந்தக் குடும்பத்தின் பெயராலேயே அது கிறிஸ்துமஸ் நோய் எனப்பட்டது. குறைந்திருந்த பொருள் பிறகு ஒன்பதாம் காரணி ஆயிற்று.

ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பியதால், 1954இல் அமைந்த சர்வதேசக் குழு ரோமன் எண்களை வழங்கத் தொடங்கியது. இன்று ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள் உண்டு. ஆறு மட்டும் காலி. தனிப்பொருள் என்று எண்ணிய அது, தூண்டப்பட்ட ஐந்தாம் காரணியேதான் என்று பிறகு தெரிந்தது.

1964இல் இத்தனைக்கும் ஓர் ஒழுங்கு கிடைத்தது. ஆக்ஸ்போர்டின் க்வின் மக்ஃபார்லேன் ஒரு கட்டுரையிலும், அமெரிக்காவின் ஏர்ல் டேவி, ஆஸ்கர் ராட்னாஃப் இருவரும் இன்னொரு கட்டுரையிலும் ஏறத்தாழ ஒரே கருத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொரு காரணியும் செயலற்ற நொதியாகக் காத்திருக்கிறது. முந்தியது அடுத்ததைத் தூண்டுகிறது. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பெருகுகிறது. தொடக்கத்தில் ஒரு சிறு தூண்டல். இறுதியில் ஏராளமான த்ராம்பின். படிப்படியாக விழும் அருவி என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது.

மக்ஃபார்லேனுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1934இல் அவரும் லண்டன் மிருகக்காட்சி சாலையின் ஊர்வன பிரிவுப் பொறுப்பாளர் பர்ஜெஸ் பார்னெட்டும் பாம்பு நஞ்சுகளைச் சோதித்தார்கள். ஹீமோஃபீலியா நோயாளியின் ரத்தத்தையும் நொடிகளில் உறையவைத்தது கண்ணாடி விரியன் நஞ்சு. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸலின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கிய பாம்பு அது. அந்த நஞ்சு அருவியின் மேல்படிகளைத் தாண்டிக்கொண்டு பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேரடியாகத் தூண்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது. மிகவும் நீர்த்த கரைசலாக வெளிக்காயத்தில் தடவினால் அது மருந்து. கடிபட்டு ரத்தத்தில் கலந்தாலோ உடலெங்கும் ஃபைப்ரினோஜெனைத் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் காயத்திலும் உறைய ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் பாம்புக்கடி என்று வருபவரிடம் 2 மில்லி ரத்தம் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள் நம் மருத்துவமனைகளில். உறையாமல் ஓடினால் நஞ்சு முறிவு மருந்து உடனே தேவை. அந்த மருந்துக்கான நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள்.

இந்தச் சோதனைக்குப் பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. காரணம் பன்னிரண்டாம் காரணி. கண்ணாடியின் பரப்புப் பட்டதும் அதுதான் தூண்டப்பட்டு உறைதலைத் தொடங்கிவைக்கிறது.

இங்கேதான் குழாய் தடுமாறியது. பன்னிரண்டாம் காரணியை 1955இல் ராட்னாஃப் அறிவித்தது ஹேக்மன் என்ற ரயில்வே தொழிலாளியின் ரத்தத்தை வைத்து. அவருடைய ரத்தம் குழாயில் உறைய மிக அதிக நேரம் எடுத்தது. ஆனால் அவருக்கு ரத்தப்போக்குத் தொல்லை ஏதும் இல்லை. 1968இல் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, நுரையீரல் நாளத்தை ரத்தக்கட்டி அடைத்துத்தான் அவர் இறந்தார். டால்ஃபின்களுக்கு இந்தக் காரணியே கிடையாது; அவையும் நலமாகவே வாழ்கின்றன. குழாயில் அருவியின் முதல் படியாக இருந்த ஒன்று, காயத்தை அடைக்கத் தேவைப்படவே இல்லை. குழாயின் வரிசை உடலின் வரிசை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

உடலில் தொடக்கம் வேறிடத்தில் இருக்கிறது. மொராவிட்ஸ் சொன்ன திசுப்பொருள் ரத்தத்தோடு சாதாரணமாகத் தொடர்பே கொள்வதில்லை. நாளத்தின் உட்சுவருக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள அணுக்களில் அது உறையாகப் போர்த்திக் கிடக்கிறது என்று 1989இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தினர் காட்டினார்கள். சுவர் கிழிந்தால்தான் ரத்தம் அதைத் தொடும். தொட்டதும் ஏழாம் காரணியோடு சேர்ந்து அது பத்தாம் காரணியைத் தூண்டும். ஒன்பதாம் காரணியையும் தூண்டும் என்று 1977இலேயே ஓஸ்டெருட், ராபபோர்ட் இருவரும் கண்டிருந்தார்கள். எட்டும் ஒன்பதும் குறைந்தவர்களுக்கு ஏன் ரத்தம் நிற்பதில்லை, பன்னிரண்டு குறைந்தவருக்கு ஏன் நின்றுவிடுகிறது என்ற புதிர் அப்போதுதான் தீர்ந்தது.

நாரின் உள்ளமைப்பு

மல்பீகி அலசிக் கண்ட நார் எதனால் ஆனது, எப்படி அடுக்கப்பட்டது என்பதை இருபதாம் நூற்றாண்டின் கருவிகள் சொல்லின. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி குழுவினர் 1943இல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, முடியிலும் தசையிலும் உள்ள புரதக் குடும்பத்தின் மடிப்பமைப்பே ஃபைப்ரினிலும் இருப்பதைக் கண்டார்கள். 1959இல் செசில் ஹாலும் ஹென்றி ஸ்லேட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒற்றை ஃபைப்ரினோஜென் மூலக்கூறையே பார்த்தார்கள். நீளம் சுமார் 47 நானோமீட்டர். இரண்டு முனைகளிலும் நடுவிலும் ஆக மூன்று உருண்டைகள்; அவற்றை இணைக்கும் மெல்லிய தண்டு.

நடு உருண்டையில் சிறு புரதத் துணுக்குகள் மூடியாக இருக்கின்றன. த்ராம்பின் அவற்றை வெட்டி எறிகிறது. மூடி போனதும் வெளிப்படும் முளைகள், பக்கத்து மூலக்கூறின் முனை உருண்டையில் உள்ள குழிக்குள் போய்ப் பொருந்துகின்றன. ஒரு மூலக்கூறின் நடுவும் அடுத்ததன் முனையும் சேர்வதால் அடுக்கு பாதிப் பாதியாக நகர்ந்து நகர்ந்து நீள்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் ஃபெர்ரி 1952இலேயே முன்வைத்த அமைப்பு இது. ஃபைப்ரின் நாரில் 22.5 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் குறுக்குவரிகள் அதற்குச் சான்று. மூலக்கூறின் நீளத்தில் ஏறத்தாழ சரிபாதி அது. இப்படி உருவான மெல்லிழைகள் பக்கவாட்டில் சேர்ந்து தடித்த நாராகின்றன. நார்கள் கிளைவிட்டு வலையாகின்றன.

இந்த வலை தொடக்கத்தில் தளர்வானது. 1948இல் லாக்கி, லோராண்ட் என்ற ஹங்கேரிய ஆய்வாளர்கள் அதை நிலைப்படுத்தும் பொருள் ஒன்று ரத்தத்தில் இருப்பதாக எழுதினார்கள். அதுதான் பதின்மூன்றாம் காரணி. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைப்பது அதன் வேலை. அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடிக் காயத்தில் நின்ற ரத்தம் மறுபடி கசியத் தொடங்கும். கட்டி உருவாகியிருக்கும், தாங்கும் வலு இருக்காது.

வலுவைத் தீர்மானிப்பதில் த்ராம்பினின் அளவுக்கும் பங்குண்டு. த்ராம்பின் நிறைய இருந்தால் மெல்லிய நார்கள் நெருக்கமாகப் பின்னிய வலை கிடைக்கும். அது எளிதில் கரையாது. குறைவாக இருந்தால் தடித்த நார்கள், அகன்ற கண்கள். ஹீமோஃபீலியாவில் நடப்பது இதுதான். ரத்தம் உறையாமல் போவதில்லை. தாமதமாகவும் தளர்வாகவும் உறைந்து, விரைவில் கரைந்துவிடுகிறது.

மறுபடியும் நாளத்துக்கு

இருபத்தோராம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் பிட்ஸோஸெரோவின் வழிக்கே திரும்பினார்கள். கையில் லேசரும், ஒளிரும் சாயங்களும், வேகப் படக்கருவிகளும் இருந்தன. உயிருள்ள எலியின் நுண்நாளத்தில் மயிரிழையளவு காயம் செய்து, அடைப்பு எழும்புவதை நொடிக்கு நொடி பதிவு செய்தார்கள்.

ஏரிக்கரை உடைந்தால் ஊர்மக்கள் முதலில் கைக்குக் கிடைத்த மணல் மூட்டைகளைப் போட்டுத் தண்ணீரின் வேகத்தைத் தணிப்பார்கள். பிறகு முளையடித்து, தழையும் மண்ணும் இட்டு இறுக்குவார்கள். நாளத்திலும் வேலை இப்படித்தான் பகிரப்பட்டிருக்கிறது. சுவர் கிழிந்ததும் அடியிலிருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்படுகிறது. அதில் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நெடும்புரதம் போய்ப் படிகிறது. 1926இல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாந்து தீவுகளின் ஒரு குடும்பத்தில் கண்டு எழுதிய ரத்தப்போக்கு நோயின் வேர் இந்தப் புரதத்தின் குறைபாடுதான். சுருண்டு கிடக்கும் அது, ஓடும் ரத்தத்தின் இழுவையில் நீண்டு விரிகிறது. விரிந்ததும் விரைந்தோடும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. ஓட்டம் எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு அதன் பிடி தேவைப்படுகிறது. அந்த வேகமே அதை விரித்தும் தருகிறது.

2013இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்டால்கர், பிராஸ் குழுவினர் எலியில் இந்த அடைப்பின் உள்ளமைப்பை வெளியிட்டார்கள். அது முழுக்க ஒரே சீராக இல்லை. காயத்தை ஒட்டிய உட்பகுதியில் தட்டணுக்கள் முழுமையாகத் தூண்டப்பட்டு, இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடக்கின்றன. த்ராம்பினும் ஃபைப்ரினும் அங்கேதான் செறிந்திருக்கின்றன. வெளிப்பகுதியிலோ தட்டணுக்கள் அரைகுறையாகத் தூண்டப்பட்டுத் தளர்வாகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. வருவதும் பிரிந்து போவதுமாக இருக்கின்றன. குழாயில் இந்த வேறுபாடு தெரிவதே இல்லை, ஏனென்றால் குழாயில் ரத்தம் ஓடுவதில்லை, காயம் என்ற திசையும் இல்லை.

அடைப்பு எழும்பியபின் அது சுருங்குகிறது. தட்டணுக்களுக்குள் தசையில் இருப்பது போன்ற சுருங்கு புரதங்கள் உண்டு என்று 1959இல் ஸ்விட்சர்லாந்தில் கண்டிருந்தார்கள். தட்டணுக்கள் ஃபைப்ரின் நார்களைப் பற்றி இழுக்கின்றன. காயத்தின் விளிம்புகள் நெருங்குகின்றன. சீரம் பிழிந்து வெளியேறுகிறது. சுருங்கிய கட்டிக்குள் சிவப்பணுக்கள் நெருக்குண்டு பன்முகக் கட்டைகளாக உருமாறி இடைவெளியின்றி அடைந்திருப்பதையும், வெளியே ஃபைப்ரினும் தட்டணுக்களும் சூழ்ந்திருப்பதையும் 2014இல் ஜான் வைசல் குழுவினர் வெளியிட்டார்கள். மாரடைப்பு நோயாளிகளின் இதய நாளத்திலிருந்து எடுத்த கட்டிகளிலும் அதே கட்டைகள் இருந்தன. சிவப்பணுக்கள் வலையில் தற்செயலாகச் சிக்கியவை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கசிவை அடைப்பதில் அவையும் பங்கெடுக்கின்றன.

ஆஸ்ட்பரியின் அதே லீட்ஸ் நகரிலிருந்து 2018இல் இன்னொரு செய்தி வந்தது. காற்றுப்படும் கட்டியின் மேற்பரப்பில் ஃபைப்ரின் வலையாக நிற்காமல் மெல்லிய படலமாக விரிந்து மூடுகிறது என்று ராபர்ட் ஆரியன்ஸ் குழுவினர் கண்டார்கள். கிருமிகள் உள்ளே நுழையாமல் அது காக்கிறது.

எல்லையிடும் சுவர்

இனி ஹ்யூசனின் கட்டிய சிரைக்கு வரலாம். பெருகிக்கொண்டே போகும் ஒரு செயல், காயத்தோடு ஏன் நின்றுவிடுகிறது? 1976இல் இங்கிலாந்தில் ஜான் வேன், சால்வடோர் மொங்காடா குழுவினர், நாளச்சுவர் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் சுரந்து தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வதைக் கண்டறிந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சார்லஸ் எஸ்மன் தம் சகாக்களோடு அதைவிட வியப்பான ஒன்றைக் காட்டினார். காயமில்லாத சுவரில் த்ராம்போமாடுலின் என்ற புரதம் இருக்கிறது. காயத்தைவிட்டு விலகி வரும் த்ராம்பினை அது பற்றிக்கொள்கிறது. பற்றியதும் த்ராம்பின் கட்சி மாறுகிறது. உறைதலை வளர்த்த அதே நொதி, புரதம் சி என்பதைத் தூண்டி உறைதலை அடக்கத் தொடங்குகிறது. சுவர் சும்மா இருப்பதில்லை, தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற ப்ரூக்கேயின் முடிவே நிலைத்தது.

இந்த வரலாறு அறிஞர்களின் ஆர்வத்தோடு முடிந்துவிடும் ஒன்றல்ல. விரைந்தோடும் தமனியில், கொழுப்புப் படிவம் கிழிந்த இடத்தில் எழும் கட்டியில் தட்டணுக்களே மிகுதி. அதனால்தான் மாரடைப்புக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தருகிறார்கள். ஓட்டம் மந்தமான கால் சிரையில் உண்டாகும் கட்டியில் ஃபைப்ரினும் சிவப்பணுக்களும் மிகுதி. அதற்கு ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற, காரணிகளை அடக்கும் மருந்துகள். கட்டி என்று பொதுவாகச் சொல்வதில் எந்தக் கட்டி, எந்த நாளத்தில், எதனால் கட்டப்பட்டது என்று கேட்கும்போதுதான் சரியான மருந்து கைக்கு வருகிறது. குழாய் கொடுத்த பெயர்களும் எண்களும் இல்லாமல் அந்த மருந்துகள் பிறந்திருக்காது. நாளம் கொடுத்த இடமும் வரிசையும் எல்லையும் தெரியாமல் அவற்றை யாருக்கு, எப்போது தருவது என்று விளங்கியிருக்காது. உறைதலை ரத்தத்தின் சாவு என்று எண்ணிய காலத்திலிருந்து, அது நாளச்சுவரும் அணுக்களும் புரதங்களும் சேர்ந்து எழுப்பும் கட்டுமானம் என்று அறிந்த காலம்வரை மருத்துவம் நடந்து வந்த தொலைவு இது.

கட்டிய ஒன்றை, காயம் ஆறியதும் பிரித்தெடுக்கவும் வேண்டும். அந்த வேலையை உடல் எப்படிச் செய்கிறது? 1933இல் பால்டிமோரில் வில்லியம் டில்லெட், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஒரு பொருளைத் தொண்டைப்புண் கிருமியிலிருந்து எப்படிக் கண்டெடுத்தார்? அது மாரடைப்பு நோயாளிகளின் உயிர்காக்கும் ஊசியாக மாறிய கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)